மல்லிகைக் கொடியும் வீட்டின் ஈரக் கணக்கும்



தை 31ஆம் திகதி நெருங்குகிறது என்றால் நான் வருமானவரிப் படிவத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இம்முறை அதை அடுத்த உரைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். காரணம், சென்ற நிகழ்ச்சி முடிந்த கையோடு கலையகத்துக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

பேசியவர் மனோர் பார்க்கில் ஒரு பழைய வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கும் தாய். அவருடைய அம்மா ஒரு மல்லிகைக் கொடியைச் சாடியில் வைத்துப் பல வருடமாக வளர்த்து வருகிறார். படுக்கையறையின் முன்பக்க யன்னலில் கம்பி கட்டி ஏற்றியிருக்கிறார்கள். கோடையில் பூத்துத் தள்ளியதாம். கார்த்திகையில் ஹீற்றிங் போடத் தொடங்கியதும் இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிவிட்டது. அதே அறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கரும் பூஞ்சணம். அதே அறையில்தான் ஆறு வயதுப் பிள்ளை படுக்கிறது. பிள்ளைக்கு இரவில் முட்டு.

சிநேகிதி ஒருவர், "கன்றுக்குக் காற்றிலே ஈரம் போதாது, நீராவி விடுகிற மெஷின் ஒன்று வாங்கி வை" என்று சொல்லியிருக்கிறார். வீட்டைப் பார்க்கும் ஏஜென்ற் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, "கன்றாலேதான் ஈரம், அதைத் தூக்கி எறியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "அண்ணை, ஒராள் ஈரம் காணாது எண்டுறா, மற்றாள் ஈரம் கூடிப்போச்சு எண்டுறார். ரெண்டும் ஒரே அறைதான். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?" என்று அவர் கேட்டார்.

நான் தாவரவியல் படித்தவனல்ல. வணிகப் பட்டம் பெற்று முப்பது வருடமாக மற்றவர்களுடைய வரவு செலவைப் பார்த்து வருகிறவன். ஆனால் இந்தக் கேள்வி ஒரு கணக்குக் கேள்விதான் என்று எனக்குப் பட்டது. இரண்டு பேரும் இரண்டு எண்களைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. ஆகவே அவரிடம் ஓர் ஈரப்பதமானி வாங்கச் சொன்னேன். ஹைக்ரோமீற்றர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். பத்துப் பவுணுக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் சின்னப் பெட்டி கிடைக்கும். அதை அறையில் மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் அரை மணித்தியாலம் வைத்து எண்ணைக் குறித்து வரும்படி சொன்னேன்.

மறுநாள் எண்கள் வந்தன. அறையின் நடுவில் வெப்பம் 20 பாகை, ஈரம் 58 வீதம். மல்லிகை நிற்கும் யன்னல் படியில், கீழே றேடியேற்றர் எரிந்துகொண்டிருந்தபோது, வெப்பம் 30 பாகை, ஈரம் 33 வீதம். அலுமாரிக்குப் பின்னால் வெப்பம் 14 பாகை, ஈரம் 83 வீதம்.

ஒரே அறை, ஒரே மாலை, மூன்று எண்கள். சிநேகிதியும் சரி, ஏஜென்றும் சரி, ஆளுக்கொரு மூலையைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, பள்ளிக்கூடத்தில் சாரீரப்பதன் என்று படித்ததை ஒருதரம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். மானி காட்டும் வீதம், காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதல்ல. அந்தக் காற்று ஆகக்கூடியது எவ்வளவு தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான். மேலே ஒரு தொகை, கீழே ஒரு தொகை. கணக்கில் விகிதம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், மேலே உள்ள தொகையைத் தொடாமலே கீழே உள்ளதை மாற்றி விகிதத்தைப் புரட்டிப் போடலாம். இங்கே கீழே உள்ள தொகையை மாற்றுவது வெப்பம். ஒரு கன மீற்றர் காற்று 14 பாகையில் சுமார் 12 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 30 பாகையில் 30 கிராம்.

இப்போது அந்த மூன்று எண்களையும் பிரித்துப் பாருங்கள். அறை நடுவில் 17 கிராமில் 58 வீதம், அதாவது 10 கிராம். யன்னல் படியில் 30 கிராமில் 33 வீதம், அதுவும் 10 கிராம். அலுமாரிக்குப் பின்னால் 12 கிராமில் 83 வீதம், அதுவும் 10 கிராம். மூன்று இடத்திலும் தண்ணீர் ஒன்றுதான். மல்லிகை நிற்கும் இடத்தில் காற்று காய்ந்திருப்பதற்குக் காரணம் தண்ணீர் குறைவு அல்ல, சூடு கூட. சுவர் நனைந்திருப்பதற்குக் காரணம் தண்ணீர் கூட என்பதை விட, சுவர் குளிர் என்பது.

இதைச் சொன்னதும் ஒன்று தெளிவாகிறது. அந்த அறையில் நீராவி மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், யன்னல் படியில் 33 என்பது 40 ஆகும்போது, அலுமாரிக்குப் பின்னால் 83 என்பது நூறாகிவிடும். இலை நாலு தப்புவதற்காகச் சுவர் முழுக்கத் தண்ணீர் வடியும். போதாததற்கு, லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு கூடிய வன்னீர். அதிர்வினால் புகைபோலத் தண்ணீர் கக்கும் வகை மெஷினில் அந்தத் தண்ணீரை ஊற்றினால், சுண்ணாம்பும் சேர்ந்து பறந்து வீடு முழுவதும் வெள்ளைத் தூசாகப் படியும். முட்டு உள்ள பிள்ளை மூச்சு விடுகிற அறைக்கு அது வேண்டாத வேலை.

செய்ய வேண்டியது சாடியை நகர்த்துவது. அவ்வளவுதான், ஆனால் எங்கே நகர்த்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் பகுதி வீடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட, இடைவெளியில்லாத ஒற்றைச் செங்கல் சுவர் வீடுகள். முன்பக்கம் வளைந்து வெளியே நீட்டிய பெரிய யன்னல். வெளிச்சம் நன்றாக விழுகிற ஒரே இடம் அதுதான்; ஆகவே எல்லோரும் சாடியை அங்கேதான் வைப்பார்கள். ஆனால் றேடியேற்றர் பூட்டுகிறவர்களும் அதற்குக் கீழேதான் பூட்டியிருக்கிறார்கள். மல்லிகைக்கு வெளிச்சமும் வேண்டும், அடியில் அடுப்பும் இருக்கக்கூடாது. படியேறும் இடத்தில் உள்ள யன்னல், வீட்டு வாசலில் கண்ணாடி போட்ட முகப்பு, ஒருவரும் படுக்காத, உடுப்புக் காயப்போடாத பின்னறை இவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். பகலில் 15, 16 பாகை இருந்தால் நல்லது. இரவில் 10 பாகைக்குக் கீழே போகக்கூடாது.

குளிரான இடத்துக்குக் கொண்டுபோனால் ஊர்க் கன்று செத்துப்போகாதா என்று கேட்பீர்கள். வெளியே 5 பாகைக் குளிர், 90 வீத ஈரம் என்று வைத்துக்கொள்வோம். லண்டனில் மார்கழி மாதத்தில் அது சாதாரண நாள். அந்தக் காற்றில் இருப்பது வெறும் 6 கிராம் தண்ணீர். அதை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் 35 வீதம். அதே காற்றை 15 பாகையில் நிறுத்தினால் 48 வீதம். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல் பதின்மூன்று வீதம் இலாபம். யாழ்ப்பாணத்திலே 28 பாகையில் 80 வீத ஈரம் என்றால் கன மீற்றருக்கு 22 கிராம் வரும். அதை இங்கே ஒரு வீட்டுக்குள் உண்டாக்க நினைப்பது வீண். குளிர்காலத்தில் மல்லிகை அதை எங்களிடம் கேட்பதுமில்லை. டிசம்பர் 21ஆம் திகதி லண்டனில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. அந்த வெளிச்சத்தில் கொடி வளராது, வளராத கொடிக்குப் பெரிதாக ஈரமும் வேண்டாம், சாடியில் தண்ணீரும் வேண்டாம். மண்ணின் மேற்பரப்பு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும். சில இலை உதிரும், உதிரட்டும். தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் கன்று உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மல்லிகை மல்லிகை என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சிலர் வளர்ப்பது எங்கள் மல்லிகையே அல்ல. குளிர்காலத்தில் இங்குள்ள சூப்பர்மார்க்கெற்றுகளில் கம்பி வளையத்தில் சுற்றி, இளஞ்சிவப்பு மொட்டோடு விற்கிறார்களே, அது சீனப் பக்கத்து இனம். பெயர் யஸ்மினம் பொலியாந்தம். அதற்கு மொட்டுக் கட்டவே குளிர் வேண்டும். சூடான அறையில் வைத்தால் அடுத்த வருடம் பூக்காது. வேலியில் வளர்த்துக் குளிரிலும் வெளியே விடுகிறார்களே, அது இன்னோர் இனம், யஸ்மினம் ஒஃபிசினாலே. "நட்சத்திர மல்லிகை" என்று விற்பது மல்லிகைக் குடும்பமே அல்ல. எங்கள் குண்டு மல்லிகை, அடுக்கு மல்லிகை எல்லாம் யஸ்மினம் சம்பக். மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் இந்த இனம்தான். வாங்கும்போது சாடியில் செருகியிருக்கும் அட்டையில் சம்பக் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றதுக்குக் கொடுத்த கதையாகும்.

சரி, தண்ணீர் தெளிப்பதைப் பற்றி. காலையும் மாலையும் போத்தலால் இலையில் பூவாகத் தெளிக்கிறார்கள். அது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். காற்றின் ஈரத்தில் ஒரு மாற்றமும் நிலைக்காது. கூழாங்கல் தட்டில் தண்ணீர் விட்டு அதன்மேல் சாடியை வைப்பதும் அப்படித்தான், தட்டுக்கு அருகில் சிறிதளவு கூடும், அவ்வளவே. வைத்திருப்பவர்கள் வைத்திருங்கள், தீங்கில்லை, ஆனால் அதை நம்பி றேடியேற்றருக்கு மேலே சாடியை விடாதீர்கள். பயன் உள்ளது வேறொன்று. உலர்ந்த சூட்டில் செம்பேன் வரும். இலையின் பின்பக்கத்தில் மிக நுண்ணிய பூச்சி, இலையில் ஊசிமுனைப் புள்ளி, முற்றினால் சிலந்தி வலைபோல ஒரு நூல். மல்லிகைக்குக் குளிர்காலத்தில் பெரிய எதிரி அதுதான். கிழமைக்கு ஒருமுறை சாடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மண்ணைப் பொலித்தீனால் மூடிக்கொண்டு, இலையின் பின்பக்கம் படும்படி இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி, வடியவிட்டுக் கொண்டுவந்து வையுங்கள். போத்தல் தெளிப்பு ஒரு மாதம் செய்வதைவிட இது ஒருதரம் மேல்.

தாவரத்துக்கு ஈரம் கொடுக்க வீட்டை நனைக்க வேண்டியதில்லை, பெட்டியை மூடினால் போதும் என்று கண்டுபிடித்தவர் எங்களுடைய கிழக்கு லண்டனில் இருந்தவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. நதானியேல் பாக்‌ஷோ வார்ட் என்று ஒரு வைத்தியர். வைற்சப்பலுக்குக் கிட்ட, வெல்குளோஸ் சதுக்கத்தில் வைத்தியம் செய்தார். பன்னச் செடி வளர்க்க அவருக்கு ஆசை. நிலக்கரிப் புகையில் எல்லாம் செத்துப்போயின. 1829ஆம் ஆண்டளவில் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டை ஈர மண்ணில் புதைத்து, கண்ணாடிப் போத்தலில் மூடி வைத்திருந்தார். பூச்சி வருகிறதா என்று பார்க்கப் போனவர், மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்திருப்பதைக் கண்டார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே வடிந்தது. வெளியிலிருந்து ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. வரவும் செலவும் ஒரே புத்தகத்துக்குள் முடிகிற கணக்கு. 1833இல் அதே முறையில் செய்த இரண்டு பெட்டிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். கன்றுகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

அந்தப் பெட்டியின் வேலை எங்கள் நாட்டுச் சரித்திரத்திலும் இருக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து வந்த இறப்பர் விதைகளைக் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, ஆயிரத்துத் தொளாயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளை வார்டின் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவுக்குக் கிட்ட உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். களுத்துறை, கேகாலை இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. (அதிலிருந்து யார் இலாபம் பார்த்தார்கள் என்பது வேறு உரைக்கு உரிய கணக்கு.)

வார்டுக்கு முன்னரும் இந்தப் பக்கத்தில் வெப்பநாட்டுக் கன்று வளர்த்திருக்கிறார்கள். மனோர் பார்க்கிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் உள்ள வெஸ்ற் ஹாம் பார்க்கைப் பலர் பிள்ளைகளை விளையாட விடும் இடமாக மட்டுமே அறிவார்கள். 1762இல் ஜோன் ஃபொதர்கில் என்ற வைத்தியர் அந்தக் காணியை வாங்கி, 260 அடி நீளமான கண்ணாடி வீடுகளில் உலகத்தின் பல பாகத்துச் செடிகளை வைத்திருந்தார். கியூவுக்கு அடுத்தபடியாக அந்தத் தோட்டத்தைச் சொல்வார்களாம். அவருக்கு நெருப்பு மூட்ட ஆட்கள் இருந்தார்கள், எங்களுக்கு மின்சாரப் பில்தான் வரும்.

வார்டின் முறையை வீட்டில் செய்ய ஒரு பவுண்கூடத் தேவையில்லை. வசந்தத்தில் கொடியை வெட்டும்போது பென்சில் நீளத் துண்டுகளை ஈர மண்ணில் குத்தி, அடி வெட்டிய இரண்டு லீற்றர்ச் சோடாப் போத்தலைக் கவிழ்த்து மூடி விடுங்கள். உள்ளே ஈரம் நூறுக்குக் கிட்ட நிற்கும், வெளியே அறையில் ஒன்றும் கூடாது. வேர்விட்ட பிறகு மூடியைத் திறந்து பழக்குங்கள்.

இனி ஏஜென்ற் சொன்ன விஷயத்துக்கு வருவோம். கன்றால்தான் சுவர் நனைகிறது என்றார் அல்லவா. இதற்கு ஐந்தொகை போட்டே பார்த்துவிடலாம்.

நாங்கள் சாடிக்கு ஊற்றும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலைவழியாகவும் மண்வழியாகவும் காற்றுக்குத்தான் போகிறது, அதை மறுக்க முடியாது. அந்த அம்மா குளிர்காலத்தில் கிழமைக்குக் கால் லீற்றர் ஊற்றுகிறார். முழுவதும் ஆவியாகிறது என்றே வைத்தாலும் நாளைக்கு 36 கிராம். நித்திரை கொள்ளும் ஒரு பெரிய ஆள் மூச்சாலும் தோலாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 30, 40 கிராம் நீராவி விடுகிறார். அதாவது மல்லிகை ஒரு நாள் முழுவதும் விடுவதை ஒரு மனிதர் ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடுகிறார். நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் மூச்சு, சமையல், குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் அளவில் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அதில் மல்லிகையின் பங்கு, ஆயிரம் பவுண் கணக்கில் மூன்றரைப் பவுண். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கணக்கு முழுவதையும் விளக்க வருகிறவரை நான் கணக்காளர் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய வரிகள் எவை? புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடு எங்களுடையது. பானை மூடியைத் திறந்து வைத்து, குசினிக் கதவையும் திறந்து வைத்து அவித்தால் ஆவி மாடிப்படி ஏறிக் குளிரான அறைக்குத்தான் போகும். வாயு அடுப்பு எரியும்போதே நீராவி பிறக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குசினிக் கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, அவித்து முடிந்த பிறகும் கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். அதைவிடப் பெரியது உடுப்பு. ஒருதரம் தோய்த்த உடுப்பை றேடியேற்றரில் விரித்தால் இரண்டு லீற்றர் வரை காற்றுக்கு வரும். பன்னிரண்டு சதுர மீற்றர்ப் படுக்கையறை ஒன்றின் காற்று முழுவதும் 20 பாகையில் தாங்கக்கூடிய மொத்த நீராவி அரை லீற்றர்தான். நாலு மடங்குச் சரக்கை ஒரு களஞ்சியத்தில் இறக்கினால் மிச்சம் எங்கே போகும்? கண்ணாடியில் வடியும், அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கும்.

மேற்பரப்பில் ஈரம் 80 வீதத்தை விட்டு இறங்காமல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வளரும். தண்ணீர் வடிந்தால்தான் பூஞ்சணம் என்றில்லை. ஆகவே அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக் காற்றோட விடுங்கள். முடியுமானால் உட்சுவருக்கு மாற்றுங்கள். காலையில் எழும்பியதும் யன்னலைப் பத்து நிமிடம் அகலத் திறந்து மூடினால், ஈரக் காற்று போய் நான் சொன்ன அந்த 6 கிராம் காற்று உள்ளே வரும். அறையின் நடுவில் மானி 40க்கும் 60க்கும் இடையில் நிற்க வேண்டும். மல்லிகைக்கும் அந்த எல்லை போதும், பிள்ளைக்கும் போதும்.

ஆனால் இத்தனையும் செய்த பிறகும் சுவர் நனைகிறது என்றால்? இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை படுக்கும் அறையைக் குளிரவிட்டு ஈரக் கணக்கைச் சரிக்கட்ட ஏலாது. மனிதர் இருக்கும் அறை 18 பாகையாவது இருக்க வேண்டும். கூரை ஒழுகுவதையும், பீலி உடைந்து சுவரில் வடிவதையும், விசிறியே இல்லாத குளியலறையையும் குடியிருப்பவர் யன்னலைத் திறந்து திருத்த முடியாது. அது வீட்டுக்காரரின் கணக்கு.

ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுங்காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பன் பலமுறை முறையிட்டிருந்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்ற எண்ணமே அந்த முறைப்பாடுகளுக்குப் பதிலாகக் கிடைத்தது. வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், வேறு மாதிரிச் சமைப்பவர்கள், வேறு மாதிரிக் குளிப்பவர்கள் என்று. கன்றைத் தூக்கி எறியுங்கோ என்று சொன்ன ஏஜென்றின் குரலில் எனக்குக் கேட்டது அதே பழைய பதில்தான்.

அந்தக் குழந்தையின் பெயரால் 2023இல் சட்டம் வந்தது. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளையும் வீடமைப்புச் சங்க வீடுகளையும் நடத்துபவர்கள், ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் விசாரித்துத் திருத்தும் பணியைத் தொடங்கியாக வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை நீட்டிக்க 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அது வரும்வரை தனியார் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். வீடு மனிதர் குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற சட்டம் அவர்களுக்கும் உண்டு. எங்களுடைய நியூஹாம் கவுன்சில் 2013இலேயே தனியார் வீட்டுக்காரர்கள் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்த இடம். முறைப்பாட்டைக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்கு எழுதலாம்.

எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வாயால் சொன்னது எந்தப் புத்தகத்திலும் ஏறாது. ஒரு கொப்பி எடுத்து, இரண்டு கிழமைக்குக் காலையும் இரவும் திகதி, நேரம், மூன்று இடத்து வெப்பம், மூன்று இடத்து ஈரம் எல்லாவற்றையும் குறியுங்கள். உடுப்பு உள்ளே காயவில்லை, விசிறி ஓடியது, யன்னல் திறந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சுவரைக் கிழமைக்கு ஒருமுறை படம் பிடியுங்கள். பிள்ளைக்கு முட்டு வந்த இரவுகளையும் குறித்து, வைத்தியரிடம் சொல்லி அவருடைய பதிவிலும் ஏற்றுங்கள். பிறகு அந்தக் கொப்பியின் பிரதியோடு ஏஜென்றுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பிரதியை வைத்திருங்கள். "வீட்டில் ஈரமாக இருக்கிறது" என்ற கடிதத்தை ஒதுக்கி வைப்பது சுலபம். எண்கள் நிறைந்த பதினான்கு நாள் கணக்கை ஒதுக்குவது அவ்வளவு சுலபமல்ல. முப்பது வருடம் வரித் திணைக்களத்தோடு கடிதம் எழுதியவன் சொல்கிறேன்.

அழைத்த அந்தத் தாய் சாடியைப் படியேறும் இடத்து யன்னலுக்கு மாற்றிவிட்டார். அங்கே 16 பாகை, 52 வீதம் காட்டுகிறதாம். அலுமாரி நகர்த்தப்பட்டிருக்கிறது. கடிதம் போயிருக்கிறது.

பங்குனி பிறந்து பகல் நீண்டதும் கொடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டி விடுங்கள். மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும், வெட்டத் தயங்குகிறவர்களுக்கு இலைதான் மிஞ்சும். தளிர் வந்த பிறகு பசளையும் தண்ணீரும் கூட்டலாம். வன்னீரால் இலை வெளிறினால் மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். லண்டனில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனி மாதம் இரவுக் குளிர் விட்டதும் சாடியை வெளியே வெயிலில் வைத்து, முதல் கிழமை அரை நிழலில் பழக்கி விடுங்கள். ஹை ஸ்ற்றீற் நோர்த் கடைகளில் விமானத்தில் வந்த பூச்சரம் வருடம் முழுவதும் கிடைக்கும்தான். ஆனாலும் பின்வளவில் அந்தியில் விரிகிற நாலு பூவுக்காக ஒரு வருடம் காத்திருக்கும் ஆட்களை நான் அறிவேன். புரட்டாதியில் இரவு 10 பாகைக்கு இறங்கத் தொடங்கும்போது உள்ளே எடுங்கள். எடுக்கும் முன்னர் இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள், றேடியேற்றர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

வருமானவரிப் படிவம் அடுத்த உரையில். தை 31 அதற்காகக் காத்திருக்காது, ஆகையால் கடைசி நாள்வரை வைத்திருப்பவர்கள் நேரே தொலைபேசியில் அழையுங்கள்.